லிஃப்ட்காரருக்கு வந்த போன்

மருத்துவமனையில் அவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது. ஊரில் ஏழெட்டுக் கட்டடங்களின் லிஃப்டுகளுக்கு அவர்தான் வைத்தியர். மருத்துவமனையும் அதில் சேர்த்தி. யாராவது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், சாவியை எடுப்பதற்கு முன்பே கதவோரம் குனிந்து பேச்சுக் கொடுக்க ஆரம்பித்துவிடுவார். "நான் வந்துட்டேன், ஒண்ணும் ஆகாது. சாப்பிட்டாச்சா? என்ன சாப்பிட்டீங்க?" உள்ளே அழுதுகொண்டிருப்பவருக்கும் சிரிப்பு வந்துவிடும்.

இப்படி ஊரையே தேற்றுகிறவர், தன் உடம்புக்கு ஒன்று என்றால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். அவர் மனைவிக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. வயிற்றுவலி என்று பொய் சொல்லி வீட்டுக்குப் போகப் பார்க்கும் பிள்ளைகளை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடும் கண் அவருக்கு. கணவர் ஒரு படம் பார்த்து முடிப்பதற்குள் நான்கு முறை கழிவறைக்கு எழுந்து போவதைக் கவனித்து, மறுநாளே கையோடு டாக்டரிடம் இழுத்துப் போனார். இரத்தப் பரிசோதனையில் சந்தேகம் வந்தது. புராஸ்டேட் சுரப்பியிலிருந்து ஊசியால் சதைத் துணுக்குகளை எடுத்து அனுப்பினார்கள்.

அந்தத் துணுக்குகளை மெல்லிய சீவல்களாக்கி, சாயமேற்றி, கண்ணாடித் துண்டில் ஒட்டி வைத்தால், அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோய் உண்டா இல்லையா என்று சொல்பவர் அதே மருத்துவமனையின் மூன்றாம் மாடிக் கோடியில் உட்கார்ந்திருந்த ஒரு டாக்டரம்மா. எந்நேரமும் படியேறியே போகிறவர். "நீங்க இப்படியே நடந்துட்டிருந்தா என் பொழப்பு என்னாகறது டாக்டர்?" என்று லிஃப்ட்காரர் கேலி செய்வதுண்டு. அதற்கு மேல் அவர்களுக்குள் பழக்கமில்லை.

புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தது. கணவன் மனைவி இருவருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. வெகுகாலமாகத் தள்ளிப்போட்டிருந்த ஜன்னல் திரைகளை மனைவி அன்றைக்கே வாங்கி மாட்டினார்.

இரண்டு வாரம் கழித்து அந்த டாக்டரம்மாவே போன் செய்தார். கொஞ்சம் மேலே வரமுடியுமா என்று மட்டும்தான் கேட்டார். லிஃப்ட் நின்றுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, லிஃப்ட்காரர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் நின்றார்.

"எந்த லிஃப்ட் டாக்டர்?"

"லிஃப்ட் இல்லைங்க. உட்காருங்க. இது உங்க விஷயம்."

பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கணினித் திரையில் இளஞ்சிவப்பும் ஊதாவுமாக ஒரு படம் விரிந்திருந்தது. அவருடைய சதைதான். அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்பு வட்டம்.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். ஏற்கெனவே பார்த்து முடித்த கண்ணாடித் துண்டுகளைக் கணினியிடமும் ஒருமுறை காட்டும் ஏற்பாடு அந்த மாதம்தான் அங்கே தொடங்கியிருந்தது. இது நோய், இது நோயில்லை என்று மருத்துவர்கள் கோடு போட்டுக் கொடுத்த ஆயிரமாயிரம் படங்களைப் பார்த்துப் பார்த்து, வித்தியாசம் கண்டுபிடிக்கத் தானாகப் பழகிக்கொண்ட நிரல் அது. ஆழக் கற்றல் என்று பெயர். அதுதான் இந்த இடத்தைக் காட்டியிருந்தது. வேறொரு சாயம் போட்டுத் திரும்பப் பார்த்தபோது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிட்டது.

"புற்றுநோய்தான். சின்ன இடம், ஆனா விட்டு வைக்கக்கூடிய வகை இல்லை. முதல்ல பார்த்தது நான்தான். நான் தவற விட்டுட்டேன். அதை வேற யார் மூலமாவும் நீங்க கேட்கக்கூடாதுன்னு நானே கூப்பிட்டேன்."

மெஷின் சொன்னால் சரியாகத்தான் இருக்குமா என்று லிஃப்ட்காரர் கேட்டார். அப்படியில்லை என்றார் டாக்டரம்மா. அதே வாரம் வெறும் வீக்கத்தையும், சீவல் மடிந்துபோன ஓர் இடத்தையும்கூட அது நோய் என்று காட்டியிருந்ததாம். அது கை காட்டும், பார்த்துத் தீர்மானிப்பது மனுஷர் வேலை என்றார்.

வீட்டில் மனைவி கொதித்துப்போனார். "இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டு இப்ப இருக்குன்னா என்ன அர்த்தம்? உங்களுக்குக் கோபமே வராதா?"

"வருது. யார் மேலன்னுதான் தெரியல. அவங்க கூப்பிடலேன்னா நான் பாட்டுக்குச் சிரிச்சிட்டு இருந்திருப்பேன்."

மனைவி புதுத் திரைகளை இழுத்து மூடிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நோய் சுரப்பியைத் தாண்டவில்லை, நல்ல நேரத்தில் பிடித்துவிட்டோம் என்று அறுவை மருத்துவர் சொன்னார். தேறி எழ நாளானது. இருமினால் சிறுநீர் கசியும், தும்மினால் கசியும். "ஊர் லிஃப்டையெல்லாம் சரி பண்ணினேன், என் குழாய்க்கு ஆள் இல்லை" என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொண்டு உடற்பயிற்சி செய்தார். மெல்ல மெல்ல அந்தக் கசிவும் நின்றது. அடுத்தடுத்த இரத்தப் பரிசோதனைகளும் சுத்தமாக வந்தன.

வேலைக்குத் திரும்பியதும் அவருக்கு ஒரே நினைப்பு, அந்த மெஷினை ஒருதரம் பார்க்க வேண்டும். மனைவி தானும் வருவதாகச் சொன்னார். அவர் டாக்டரம்மாவிடம் ஏடாகூடமாக எதுவும் கேட்டுவிடக் கூடாதே என்று லிஃப்ட்காரருக்குப் பதைப்பு. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

கணினியைப் பார்த்துக்கொள்ளும் பெண் மேசைக்கு அடியில் கை காட்டினாள். காற்றாடி சுற்றும் ஒரு கறுப்புப் பெட்டி.

"இவ்வளவுதானாம்மா?"

"இவ்வளவுதான் சார். ஆனா இது கத்துக்கிட்டது எல்லாம் மனுஷங்க கிட்டேர்ந்து. எங்கெங்கேயோ இருக்கற நோயாளிங்க தங்க படங்களைக் கொடுத்திருக்காங்க. பேர் எதுவும் எங்களுக்குத் தெரியாது."

"அவங்கல்லாம் நல்லா இருக்காங்களா?"

"எல்லாரும்னு சொல்ல முடியாது சார். சில படங்கள் ரொம்பப் பழசு."

லிஃப்ட்காரர் குனிந்து அந்தப் பெட்டியைப் பார்த்தார். பிறகு, தன் படத்தையும் அது பார்த்துக் கற்றுக்கொள்ளக் கொடுக்கலாமா என்று கேட்டார். அவர் சம்மதம் சொன்னால் தாராளமாக என்றாள் அவள். அப்போதே சொல்லிவிட்டார்.

அதற்குள் டாக்டரம்மா வந்துவிட்டார். மனைவி நேரே அவர் முன்னால் போய் நின்றார்.

"உங்க மேல புகார் எழுதணும்னு இருந்தேன் டாக்டர். பாதி எழுதியும் வெச்சிருந்தேன். அப்புறம் யோசிச்சேன். நீங்க வாயைத் திறக்கலேன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. தெரியாமலே இவர் போயிருப்பார்." அப்புறம் சொன்னார்: "நீங்க நல்லா இருக்கணும்."

டாக்டரம்மா மனைவியின் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். அந்தப் பெண் திரையில் எதையோ தேடுவதுபோல் திரும்பிக்கொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மனைவி இரண்டு நிறுத்தம் போவதற்குள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். பல மாதமாக அவர் நிம்மதியாகத் தூங்கியதே இல்லை என்பது லிஃப்ட்காரருக்குத் தெரியும். அவர்கள் இறங்க வேண்டிய இடம் வந்தது. கதவு திறந்து மூடியது. அவர் எழுப்பவில்லை. கடைசி நிறுத்தம் வரை போய், அங்கே மனைவியிடம் நன்றாகத் திட்டு வாங்கிக்கொண்டு, இருவருமாக நடந்தே வீட்டுக்கு வந்தார்கள்.