நானாவும் மிஸ்டரும்

சாயிரா பானு செய்யும் வேலை என்னவென்று தோ பாயோ அடுக்குமாடியில் அவள் குடியிருந்த தளத்தில் யாருக்கும் சரியாகப் புரிந்ததில்லை. பிற கம்பெனிகளுக்குப் போய் மீட்டிங் நடத்தித் தருவாள். எந்தப் பக்கமும் சாராமல், எல்லாரையும் பேசவைப்பாள். "சும்மா உட்கார்ந்திருக்கச் சம்பளமா?" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். அதில் பாதி நியாயம் உண்டென்று அவளுக்கே தோன்றும்.

அன்று அவளை அழைத்திருந்தது சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கேட்டரிங் கம்பெனி. சமையலைப் பார்த்துக்கொள்ளும் அப்துல் கையூமுக்கும் டெலிவரியைப் பார்த்துக்கொள்ளும் மருதப்பனுக்கும் பேச்சுவார்த்தை நின்று மாதக்கணக்காகிவிட்டது. விடிவதற்கு முன்பே காலைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சமைத்துக் கட்டும் மதியச் சாப்பாடு, தூரத்தில் கிராஞ்சி வேலைத்தளத்தில் தொழிலாளர்கள் பிரிக்கும்போது புளித்துக் கிடக்கிறது. அதைத் தனியாக, பிந்திச் சமைக்க வேண்டும் என்பது மருதப்பன் கட்சி. இன்றும் தன்னைச் சொல்லி முடிக்க விடாவிட்டால் வேலையை விட்டுவிடுவதாக முன்பே சொல்லியிருந்தார்.

"மிஸ்டர் மருதப்பன், நீங்க ஆரம்பிங்க."

அவர் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் கையூம் குறுக்கே விழுந்தார். "ரெண்டு தடவை அடுப்பு மூட்ட ஆள் எங்க இருக்கு?"

"கொஞ்சம் பொறுங்க நானா" என்றாள் சாயிரா.

அவளும் கையூமும் நாகூர்ப் பக்கத்துக் குடும்பம். அண்ணன்மாரை அப்படிக் கூப்பிட்டு வளர்ந்த நாக்கு, அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

மருதப்பன் எழுந்துவிட்டார். "அவரு நானா, நான் மிஸ்டரா? நடுவுல உட்கார வந்தவங்க நல்லா உட்கார்ந்தீங்க லா."

சாயிராவுக்கு முகம் சுட்டது. இப்போது இவரை 'அண்ணே' என்றால், அழுகிற பிள்ளைக்கு மிட்டாய் நீட்டுவது போலாகும்.

"தப்புதான். வேற ஆளை அனுப்பச் சொல்லட்டுமா?"

"அவங்க வர்றதுக்குள்ள நான் போயிருப்பேன். நீங்க யாருக்கு என்ன முறையா வேணா இருங்க. நான் முடிக்கிற வரைக்கும் இவரு வாயைத் திறக்கக்கூடாது. முடியுமா?"

"முடியும்."

அவர் உட்கார்ந்து பேசினார். நடுவில் கையூம், "தங்கச்சி, ஒரே ஒரு விஷயம்" என்று அந்த உறவையே பிடித்துக்கொண்டு வந்தார்.

"அவர் முடிக்கட்டும்" என்றாள். கையூமுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அடங்கினார்.

கடைசியில் கையூம், "ஒரு ஆள் கூடுதலா கொடுத்தா செஞ்சு பார்க்கலாம்" என்றார்.

"எப்ப பார்க்கலாம்?" என்றார் மருதப்பன்.

"வர்ற வாரம்."

"என் டிரைவர்ல ஒருத்தனை அனுப்புறேன். வெங்காயமாவது உரிப்பான்."

அவள் நடுநிலையாக இருந்தாளா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மனிதர்களுக்கு அது எந்த அளவுக்குக் கைகூடும் என்பதும் தெரியவில்லை. மருதப்பன் சொல்ல வந்ததை முடித்தார். திங்கட்கிழமை வேலைக்கு வருவார். அதற்குமேல் அந்த அறையில் பெருமைப்பட எதுவும் நடக்கவில்லை.