குனிந்து எடுக்கும் வரை

மருத்துவச்சி ஹிலாராவுக்குப் பிரசவத்தைக் கண்டு பயமில்லை. கால் முன்னால் வந்த பிள்ளையைக்கூட உயிரோடு எடுத்திருக்கிறாள். அவளுடைய பயமெல்லாம் அதற்குப் பிறகுதான். பிறந்த பிள்ளையைத் தகப்பன் காலடியில் வெறுந்தரையில் கிடத்த வேண்டும். அவன் குனிந்து எடுத்தால் அது அந்த வீட்டுப் பிள்ளை. முகத்தைத் திருப்பிக்கொண்டால் காய்கறிச் சந்தைத் தூணடியில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். ஹிலாராவே அந்தத் தூணடியில் கிடந்தவள். ஒரு மருத்துவச்சி எடுத்துப்போய் அடிமையாக வளர்த்து, தொழில் கற்றுக்கொடுத்து, சாகும்போது விடுதலை எழுதிவைத்தாள். ரோமாபுரியில் எத்தனையோ வீட்டுத் தரைகளைப் பார்த்த பிறகும், தகப்பன் குனிகிற வரை ஹிலாரா அவன் கைகளையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

நான் எஜமானி வெத்தியா அம்மாவுக்குத் தலைவாரும் அடிமை. எங்கள் எஜமான் நுமேரியஸ் காவியம் எழுதுகிறவர். கப்பல், போர், எரியும் நகரம், ஒன்றுக்கும் குறைவில்லை. அதில் ஓரிடத்தில், எதிரி துரத்தும்போது ஒரு வீரன் கேடயத்தை எறிந்துவிட்டுக் கைக்குழந்தையான மகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். அதை வாசிக்கும்போது எஜமானுக்கே குரல் உடைந்துவிடும். அவருக்கும் இரண்டு பெண்கள். ஒருத்தியையாவது அவர் மடியில் வைத்து நான் பார்த்ததில்லை.

அம்மாவுக்கு மூன்றாம் முறை வலி கண்ட அன்று மத்தியானம், நண்பர்களைக் கூட்டி வைத்துக் காவியம் வாசிக்க ஏற்பாடு செய்திருந்தார். ஹிலாரா உள்ளே நுழையும்போதே மறித்துச் சொன்னார்: "பையன்னா கூப்பிடு. பொண்ணுன்னா என் கண்ணுல காட்டாதே. பின்வாசல் வழியா கொண்டுபோயிடு."

பெண்தான் பிறந்தது. அம்மா பிள்ளையைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பார்த்துவிட்டால் விட முடியாது. ஹிலாரா கொடியை அறுத்தாள். பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அடியே, அங்க இப்ப எந்த இடம் ஓடுது?"

மூன்று வருஷமாகக் கேட்டுக் கேட்டு எங்களுக்கெல்லாம் மனப்பாடம். "நகரம் எரியுதுக்கா. அடுத்தது கேடயம்."

"அப்ப வா. கூடத்துத் திரையைத் தூக்கிப் பிடி."

"உனக்கென்னக்கா, நீ விடுதலையானவ. உரிக்கிறது என் தோலைத்தான்."

"நான் மிரட்டினேன்னு சொல்லிக்கோ."

திரையை எப்படித் தூக்கினேனோ தெரியாது. வீரன் மகளைத் தூக்கிய இடத்தில் விருந்தாளிகள் கண்ணைத் துடைத்தார்கள். அந்த நேரம் பார்த்து ஹிலாரா நடுக்கூடத்துக்குப் போய், இரத்தம்கூடத் துடைக்காத பிள்ளையை எஜமான் காலடியில் கிடத்திவிட்டு விலகி நின்றாள்.

எஜமான் பிள்ளையைப் பார்க்கவில்லை. ஹிலாராவைத்தான் பார்த்தார். பிள்ளை கல்தரையின் குளிருக்குக் கால்களை இழுத்துக்கொண்டது. அழுதுவிடாதே என்று வேண்டினேனா, அழுதுதொலை என்று வேண்டினேனா, நினைவில்லை. அவருடைய ஒரு கால் பின்னால் நகர்ந்தது. போச்சு என்று நினைத்தேன்.

தொந்திக் கிழவர் ஒருவர் ஆலிவ் கொட்டையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "என்னப்பா நுமேரியஸ், உன் வீரன் கேடயத்தையே எறிஞ்சான். உன் கையில இருக்கறது வெறும் ஏட்டுச் சுருள்தானே?"

எல்லாரும் சிரித்தார்கள். எஜமான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சுருளைக் கீழே வைத்தார். குனிந்து பிள்ளையை எடுத்தார். கூடமே கைதட்டியது.

பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கும்போது, சிரித்த முகம் மாறாமல், தாழ்ந்த குரலில் ஹிலாராவிடம் சொன்னது திரையருகில் நின்ற என் காதிலும் விழுந்தது. "இனி இந்தத் தெருவுலயே உன் நிழல் விழக்கூடாது."

அடுக்களைக்கு வந்ததும் ஹிலாரா தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். "எடுத்தாருல்ல? நீ பார்த்தேல்ல?"

"பார்த்தேங்கா. எல்லாரும் பார்த்தாங்க."

அதன்பின் பெரிய வீடுகள் அவளைக் கூப்பிடவில்லை. ஏழைகளின் மாடிக் குடித்தனங்களில் ஏறி இறங்கி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு பிரசவம் பார்த்தாள். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் என்னைக் கண்டால் குரலைத் தாழ்த்திப் பிள்ளையைத்தான் கேட்பாள்: "இருக்காளா?" "இருக்கா" என்று நான் சொன்ன பிறகுதான் குடத்தை நிரப்புவாள்.

ஒரு வருஷம் கழித்து எஜமான் மறுபடி வாசித்தார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றேன். வீரன் கேடயத்தை எறிந்தான். இந்த முறை அவன் தூக்கியது மகனை. பிள்ளையை இறுக்கிக்கொண்டேன். மறுநாள் தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு ஓடிப்போய் ஹிலாராவிடம் சொன்னேன்.

அவள் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

"பாட்டுலதானே? மாத்திக்கட்டும்டி. தரையிலேர்ந்து எடுத்தது எடுத்ததுதான்."

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நாலடி போனவள் திரும்பி வந்தாள்.

"இருக்காளா?" என்றாள்.