கதிர் குத்தித் தூங்கிய இளவரசி

ஜரிகைத்தாள் கிரீடம் வைத்துக்கொண்டு மில் பள்ளிக்கூட மேடையில் ஓர் இளவரசி கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள். எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் நடந்த ஆண்டு விழா அது. நாடகம் போட்டவள் என் அக்கா. அந்தப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை.

அக்காவுக்கு எந்தக் கதையையும் சும்மா விட முடியாது. ஞாயிற்றுக்கிழமை டிவியில் பூனை எலியைத் துரத்தினால் நாங்கள் சிரிப்போம். அவள் மட்டும், "துரத்துறது ஆசை, அதான் கடைசிவரை கைக்குச் சிக்கல" என்பாள். நூல் நூற்கும் ராட்டையின் கூரான கதிர் விரலில் குத்தி நூறு வருஷம் தூங்கிப்போகும் இளவரசியின் கதையையும் அப்படித்தான் பிடித்துக்கொண்டாள். முத்தம் கொடுக்கும் இளவரசனை எங்கள் ஊரில் மேடையேற்ற முடியுமா? தோழிகள் கூட்டமாக வந்து எழுப்புவதாக மாற்றினாள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பெண்ணுக்கு மார்கழி விடியலில் தோழியை எழுப்புவதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தலைமையாசிரியருக்கும் கதைக்குள் தத்துவம் தேடும் பழக்கம் உண்டு. அவர் கணக்கில் தூக்கம் என்றால் சோம்பல். சோம்பல் பாவம் என்று இளவரசி கடைசியில் கைகூப்பிச் சொல்ல வேண்டும் என்றார். கதிரை எடுத்துவிட்டு ரோஜா முள்ளை வைக்கவும் சொன்னார். விழாவுக்குத் தலைமை மில் முதலாளி. நூற்பு மில்காரர் முன்னால் கதிர் குத்தி ஒருத்தி சாய்ந்தால் நன்றாகவா இருக்கும்? அக்காவின் வேலை நிரந்தரமாவது அந்த இருவர் கையில்தான் இருந்தது. அப்பா ஒருவர் உழைப்பில் ஓடிய வீட்டுக்கு அது பெரிய விஷயம்.

"அவ என்ன சார் பாவம் பண்ணா? தூங்குறவ தானா முழிக்க முடியாது, யாராவது வந்து எழுப்பணும். சாமி அருள்னா எனக்கு அதுதான்" என்று சொல்லிவிட்டு வந்தாள். எதையும் மாற்றவில்லை.

அப்பா அதே மில்லில் முழு நைட் ஷிப்ட் பார்த்தவர். பகலில் அவர் தூங்கும்போது வீட்டில் தட்டுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. மில் தொழிலாளி வீடு எல்லாவற்றிலும் இதே சட்டம்தான். மேடையில் முதல் தோழியாக வந்த சின்னப்பெண்ணும் அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை. "எழுந்திரு" என்று சொல்ல வேண்டியவள், படுத்திருந்தவளைப் பார்த்ததும் வீட்டு ஞாபகத்தில் வாயில் விரலை வைத்தாள். "ஏட்டி, சத்தம் போடாத. முழு நைட் பாத்துட்டு வந்திருக்காக, செத்த நேரம் தூங்கட்டும்" என்றாள்.

கூட்டம் சிரித்து உருண்டது. முதலாளி சிரிக்கவில்லை. பிறகுதான் வசனம் ஞாபகம் வந்து, அந்தச் சின்னப்பெண் இளவரசியின் தோளைத் தொட்டு எழுப்பினாள். என் பக்கத்தில் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு நடக்கும்போது, "நம்ம தூக்கத்தைப் போயி கதையில வச்சிருக்காளே" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

வேலை நிரந்தரமாகவில்லை. மறுவருஷம் அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறொரு பள்ளிக்குத் தினமும் காலை பஸ்ஸில் போய்வர ஆரம்பித்தாள். குழந்தைக் கதைகளுக்குள் ஒளிந்திருக்கும் ஆன்மிகத்தை இன்று செல்போனில் எத்தனையோ பேர் விளக்குகிறார்கள். நானும் கேட்கிறேன், நன்றாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் எனக்கு நெஞ்சு நிமிர்வது அந்தக் காலை பஸ்ஸை நினைக்கும்போதுதான். ஷிப்ட் முடித்து ஊர் திரும்பும் தொழிலாளர்கள், "டீச்சர், உக்காருங்க" என்று எழுந்து இடம் கொடுப்பார்கள். அக்கா கம்பியைப் பிடித்து நின்றபடியே சொல்வாள்:

"நீங்க தூங்குங்கண்ணே. உங்க ஊர் வந்ததும் நான் எழுப்பி விடுதேன்."