பெரியவருக்கு ஒரு குகை

அந்தப் பகுதியில் ஒழுகாத மொட்டைமாடிகள் பதினாறு. பதினாறும் கொத்தனாரின் கைவண்ணம். ஒழுகுகிற மாடி ஒன்று உண்டு. அதன் கீழ்தான் அவர் குடியிருக்கிறார். "அடுத்த வாரம் பாத்துடறேன்" என்று மனைவியிடம் அவர் சொன்னது பத்து வருடங்களுக்கு முன்பு. சொல் மாறாதவர், இன்றைக்கும் அடுத்த வாரம் என்றுதான் சொல்கிறார்.

மனைவி தையல் வேலை செய்பவள். இவரிடம் எதையும் கேட்காமலிருக்கப் பழகிக்கொண்டு, மனதில் இருப்பதையெல்லாம் தையல் மெஷின் பக்கத்திலிருந்த கண்ணாடித் தொட்டியிடம் சொல்லிவந்தாள். அதில் ஒரே ஒரு தங்கமீன். ஒன்பது வயது. பெயர் பெரியவர். எந்த வாடிக்கையாளரின் இடுப்பளவு கூடியிருக்கிறது என்பது வரை பெரியவருக்குத் தெரியும். வாயைத் திறந்து திறந்து மூடுவாரே தவிர, குறுக்கே ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த வீட்டில் அப்படியொரு ஆம்பளை அவர் ஒருவர்தான்.

பெரியவருக்கு இந்த வருடம் ஜன்னல் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"பாவம், ஒதுங்க ஒரு நிழல் இல்ல. கடையில பிளாஸ்டிக் குகை இருக்காம்" என்றாள் அவள், மீனிடம்.

கொத்தனாருக்குச் சுருக்கென்றது. "என் வீட்ல பிளாஸ்டிக்கா? நான் கட்டித் தரேன்."

அடுத்த வாரம் என்று அவர் சொல்லவில்லை. அவள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்காததுதான் குறை.

அளவு பார்க்க வளர்ப்பு மீன் கடைக்குப் போனார். கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அண்ணே, வெறும் சிமெண்டும் மணலும் மட்டும் போடுங்க. வேற மருந்து எதுவும் கலக்காதீங்க. காஞ்சப்புறம் ஒரு மாசமாவது தண்ணில ஊறப் போட்டு, தண்ணிய மாத்திக்கிட்டே இருக்கணும். சுண்ணாம்புக் காரம் இறங்கும், மீனோட செவுள் வெந்துடும்" என்றார்.

"தம்பி, நான் சிமெண்ட்லயே பொறந்தவன்."

"நீங்க பொறந்திருக்கலாம்ணே. மீன் பொறக்கலையே."

இதற்கெல்லாம் அசருபவரா கொத்தனார்? கல்லைத் தேய்த்துக் கழுவி, சிமெண்ட் ஒன்றுக்கு மணல் மூன்று என்று கலவை போட்டு, வீட்டுக்காரி பொருளாயிற்றே என்று மாடிகளுக்கு ஊற்றும் நீர்க்கசிவைத் தடுக்கும் மருந்தையும் ஒரு மூடி சேர்த்தார். ஏழு நாள் ஈரச்சாக்கு போர்த்தினார், ஊறப் போடச் சொன்ன ஒரு மாதத்தை விட்டுவிட்டார். தண்ணீர் சிமெண்டை என்ன செய்யும் என்று இருபத்தெட்டு வருடமாகப் பார்த்தவர். சிமெண்ட் தண்ணீரை என்ன செய்யும் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்கும் அவசியமும் வரவில்லை. அவர் கட்டிய வீடுகளில் யாரும் செவுளால் மூச்சுவிடவில்லை.

"பெரியவருக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டாள் மனைவி.

"சிமெண்டப் பத்தி என்னையா கேக்குற?"

அவள் நம்பினாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அந்தத் தவறை அவள் செய்தது அபூர்வம்.

குகை தொட்டிக்குள் இறங்கியது. பெரியவர் அதற்குள் போனார், திரும்பி வாசலில் நின்றார். அவள் சிரித்தபடி பக்கத்து வீட்டுக்காரியை அழைத்துவந்து காட்டினாள். கொத்தனார் வேறெங்கோ பார்ப்பதுபோல நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவர் வாழ்க்கையில் பூரணமான அரைநாள் அது.

மறுநாள் காலை மீன் உடம்பைக் கல்லில் தேய்த்தது. பிறகு மேலே வந்து வாயைப் பிளந்தது. அவள் வாளியில் நல்ல தண்ணீர் பிடித்து மாற்றினாள். மாலைக்குள் பெரியவர் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் கடைக்காரர், குழாய்த் தண்ணீர், மீனின் வயது என மூன்று பதில்கள் தயாராக இருந்தன. மூன்றும் வீணாயின.

தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு கொத்தனார் மீண்டும் கடைக்குப் போனார். கடைக்காரர் தண்ணீரின் காரத்தைக் காட்டும் சோதனைத் தாளை அதில் நனைத்தார். தாள் கருநீலமானது.

"மருந்து கலந்தீங்களா?"

"ஒரு மூடிதான்."

"அப்ப இத எத்தன மாசம் ஊறப் போட்டாலும் என்னால உறுதி சொல்ல முடியாதுண்ணே. இடிச்சிட்டு மறுபடி கட்டுங்க."

இடிக்க ஒரு காலைப்பொழுது ஆயிற்று. தன் வேலை எவ்வளவு உறுதியானது என்று அன்றுதான் அவருக்கே தெரிந்தது, பெருமைப்பட முடியவில்லை. புதிய கல், வெறும் சிமெண்ட், மணல். ஆறு வாரம் தொட்டியில் ஊறவைத்து, இரண்டு நாளுக்கொருமுறை தண்ணீர் மாற்றினார். பெரிய கட்டடங்களுக்கும் காட்டாத பொறுமை. கடைசியில் தாள், குழாய்த் தண்ணீரில் காட்டிய அதே நிறத்தைக் காட்டியது. அதை எடுத்துக்கொண்டு, மதிப்பெண் அட்டையோடு வரும் பையனைப் போல, மெஷின் முன் நின்றார்.

"இப்ப சரியா இருக்கு. ஒரு மீன் வாங்கட்டுமா?"

அவள் ஊசியில் நூலைக் கோத்து முடித்தாள்.

"கடைக்காரர்கிட்ட கேட்டீங்களா?"

"ஒவ்வொண்ணையும் கேட்டுத்தான் செஞ்சேன்."

"ம். அன்னிக்கும் கேட்டா சொல்றவர்தான் அவரு" என்றாள் அவள். மெஷின் ஓடத் தொடங்கியது. கையிலிருந்த ஈரத்தாள் காய்ந்து வெளிறிய பிறகும் அவர் அங்கேயே நின்றார்.