பச்சைப்பொத்தையில் சாலோமி டீச்சர்

பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் கணக்கு நடத்தி ஓய்வுபெற்ற சாலோமி டீச்சருக்கு ஒரே மகன், எபி. நிலவியல் படித்தான். கல்லூரியில் வேலை கிடைத்தும் போகாமல், மானூருக்கு மேற்கே பச்சைப்பொத்தை என்கிற மொட்டைக் குன்றில் செம்பு தேடும் கம்பெனியில் சேர்ந்தான். தகப்பன் இல்லாத பிள்ளை வெயிலில் கிடந்து கருகுவது டீச்சருக்குப் பொறுக்கவில்லை.

"கல்லையே கட்டிக்கிட்டு அழு. செம்பை எடுத்துட்டு வீட்டுக்கு வா. அதுவரைக்கும் இந்தப் படி ஏறாத!"

கோபத்தில் சொன்னதுதான்; மறுநாளே ஆறிவிட்டது. ஆனால் அவளும் வா என்று கூப்பிடவில்லை, அவனும் வரவில்லை. குன்றடி ஊரில் அறை எடுத்துத் தங்கினான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போன் மட்டும் வரும். "வேலை நல்லாப் போகுதும்மா" என்பான்.

ஐப்பசியில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல்தான் என்று மாத்திரை போட்டுக்கொண்டு கிடந்தான். டெங்கு. கூட வேலை பார்த்த காமாக்ஷி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபோது நிலைமை கைமீறியிருந்தது. டீச்சர் போய்ச் சேரும்போது அவனுக்குப் பேச்சில்லை.

அடக்கம் முடிந்து சில வாரம் கழித்து டீச்சர் காமாக்ஷிக்குப் போன் செய்தாள். "அவன் வேலை பார்த்த இடத்தை நான் பாக்கணும்மா." கல்லிடைக்குறிச்சிக்காரியான காமாக்ஷி ஜீப்பில் வந்து கூட்டிப்போனாள்.

பொத்தையில் ஆளரவம் இல்லை. செம்பு பார்க்கத் துளை போட்ட இடங்களைச் சிமெண்டால் அடைத்திருந்தார்கள். பாறை வெடிப்புகளில் பாசி போலப் பச்சை வழிந்திருந்தது. டீச்சர் நகத்தால் சுரண்டினாள். பாசி இல்லை, கல்லே பச்சை.

"இது செம்புதானே?"

"செம்புதாம்மா. பாறைக்குள்ள நரம்பு மாதிரி ஓடுற இந்த வெள்ளைக்கல்லுல இருந்தது. மழைத்தண்ணில கரைஞ்சு வெடிப்பெல்லாம் பரவியிருக்கு. மேல பாத்தா நெறைய இருக்க மாதிரி தெரியும். கீழ போகப் போக நரம்பு மெலிஞ்சிட்டு. கடைசித் துளையில விரல்கனம்கூட இல்ல. சுரங்கம் வைக்கிற அளவுக்குக் காணாது."

"எபிக்குத் தெரியுமா?"

காமாக்ஷி தலை குனிந்தாள். "கடைசித் துளையில வந்த கல்லை முதல்ல பாத்ததே அவன்தாம்மா. பங்குனியிலயே."

"அப்புறம் ஏன் இங்கன கெடந்தான்?"

"எல்லாரையும் வேற இடத்துக்கு மாத்துனாங்க. துளையெல்லாம் மூடுற வேலைக்கு என்னோட இன்னொரு ஆள் வேணும்னதும் அவனாக் கேட்டு நின்னான். வீட்டுக்குப் போயேன்டான்னு நான்கூடச் சொன்னேன். 'வெறுங்கையோட எப்படிப் போறது'ன்னான்."

டீச்சர் சுடுபாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏல எபி, அது சும்மா சொன்னதுல்லா... வெறுங்கையோட வந்தா என்னல? நான் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டேன்ல..."

அடக்கத்தன்றுகூட வாய்விட்டு அழாதவள் அன்று அழுத அழுகையில் காமாக்ஷிக்குப் பக்கத்தில் போகவே பயமாக இருந்தது. வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் கையைப் பிடித்துப் பைய இறக்கிக் கூட்டிவர முடிந்தது.

ஜீப் மானூரைத் தாண்டியதும் டீச்சர் கேட்டாள்: "காய்ச்சல்ல என்ன சாப்பிட்டான்?"

"கஞ்சி வச்சுக் குடுத்தேம்மா. ரெண்டு வாய் குடிச்சான்."

"உப்புப் போட்டியா?"

"போட்டேம்மா."

கொஞ்ச தூரம் போனதும் டீச்சர் அதையே மறுபடி கேட்டாள். பாளையங்கோட்டை வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள். காமாக்ஷியும் ஒவ்வொரு தடவையும் பொறுமையாகச் சொன்னாள்.