மலை ஆளுக்கு முதல் டோக்கன்

மதுரை என்றாலே சுந்தரராஜுக்குக் கால் ஓய்ந்துபோகும். தாண்டிக்குடியில் முதல் பஸ்ஸைப் பிடித்து, வத்தலக்குண்டில் மாறி, கண்ணாஸ்பத்திரி வாசலில் போய் நிற்க வேண்டும். மூன்று வருஷமாக இதே அலைச்சல்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு வந்து இந்த மலையில் ஒதுங்கியவன். காப்பித் தோட்டத்து ஜீப் ஓட்டினான். அரசு பஸ் டிரைவராகிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் ஆசை; குறுக்கே நின்றது அவனுடைய சோடாபுட்டிக் கண்ணாடி. கண்ணாடி போட்டவனை எடுக்கமாட்டார்கள். கருவிழியில் சுற்றிலும் கீறல் போட்டால் கிட்டப்பார்வை போய்விடும் என்று எண்பத்துநாலில் யாரோ சொன்னார்கள். மனுஷன் யோசிக்கவே இல்லை, ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்துவிட்டான்.

காலையில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. நாலு மணிக்கு மேல் மங்க ஆரம்பித்துவிடும். பரிசோதனைக்குப் போனால் நர்ஸ் அன்னக்கொடி சத்தம் போடுவாள்.

"மலை ஆளுக யாரு? முன்னாடி வாங்க. பாவம், பஸ்ஸு போயிரும்."

நல்ல மனசு. அதுதான் வினையாகிப் போனது. டாக்டர் பார்க்கும்போதெல்லாம் காலை நேரம். அவனும் போர்டைக் கடகடவென்று வாசித்துவிடுவான்.

"கடைசி வரி வரைக்கும் வாசிக்கிறீங்களே, என்ன குறை?"

"சாயங்காலம் மங்குதுங்கய்யா."

"அலுப்பா இருக்கும். நல்லாத் தூங்குங்க."

ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் விறகோடு எதிரே வந்த பெண்ணிடம், "ஓரமாப் போம்மா" என்று ஹாரன் அடித்தான். அவள் அவன் பெண்டாட்டி மூக்கம்மா.

"கட்டுனவளையே தெரியல, நீங்கதான் பஸ்ஸுல சனத்த ஏத்திக்கிட்டுப் போகப் போறீங்களாக்கும்? பஸ்ஸு போனாப் போகட்டும். சாயங்காலம் வரைக்கும் இருந்து காட்டிட்டு வாங்க."

வெட்கமாக இருந்தது. அடுத்த முறை முதல் டோக்கனை வேண்டாமென்று சொல்லிவிட்டு ஐந்து மணிவரை உட்கார்ந்தான். இரண்டு வரிதான் வாசிக்க முடிந்தது. டாக்டர் டார்ச்சை அடித்து மறுபடி கண்ணைப் பார்த்தார்.

"கீறல் போட்ட கண்ணு சில பேருக்கு இப்படி நிலையில்லாம இருக்கும். மறுபடி கீறிப் பார்க்கலாம். சரியாயிடும்னு உறுதி சொல்லமாட்டேன்."

அந்த வருஷத்தோடு வேலைக்கான வயது தாண்டிவிடும். "போடுங்கய்யா" என்றான். ஆசையில் சொல்லவில்லை, சலித்துப்போய்ச் சொன்னான்.

இரண்டாவது ஆபரேஷனுக்குப் பின் சாயங்காலம் பார்வை பளிங்கு போலத் தெளிந்தது. எதிர் மலையில் மேயும் மாட்டை எண்ணினான். ஆனால் விடிந்தால் மங்கல். பத்து மணி ஆக வேண்டும் கண் வழிக்கு வர. மூக்கம்மா சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றாள்.

வேலைக்குக் கண் பரிசோதனை திண்டுக்கல்லில், காலை எட்டரைக்கு. சுந்தரராஜ் முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிட்டான். நாற்பது பேர் வந்திருந்தார்கள். பெயர் கொடுத்துவிட்டு வேண்டுமென்றே கடைசி பெஞ்சில் ஒண்டிக்கொண்டான். எப்படியும் பதினொன்றாகும், அதற்குள் கண் தெளிந்துவிடும்.

கிளார்க் பட்டியலைப் புரட்டினார்.

"தாண்டிக்குடி சுந்தரராஜ் யாருப்பா? முன்னாடி வா."

"பரவாயில்லைங்க, கடைசியாப் பாருங்க."

"அட, வாப்பா. மலை ஆளு, பஸ்ஸு போயிரும்ல?"

பெஞ்சில் இருந்தவர்கள் கால்களை ஒதுக்கி அவனுக்கு வழிவிட்டார்கள்.