பாதியில் விட்டவர்கள்

என் மனைவி இசைக் கல்வியில் ஒரு முனைவர் பட்டம், உளவியலில் இன்னொன்று வாங்கியவள். வீட்டில் எந்த வாதம் வந்தாலும் இரண்டு பட்டமும் அவள் பக்கமே உட்காரும். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். என் பக்கம் யாரும் உட்காருவதில்லை.

பல்கலைக்கழகத்தில் அவள் பேர் வாங்கியது ஒரே வாக்கியத்தால். பாட வராதவர் என்று யாருமே கிடையாது, சொல்லிக்கொடுக்கத் தெரியாதவர்கள்தான் உண்டு. இதை நிரூபிக்க ஆசிரியர் பயிற்சி மாணவிகளை ஆய்வறையில் உட்கார வைத்து, ஹெட்போனில் ஒரு சுரத்தைக் கேட்கவிட்டு, அதையே பாடச் சொல்லுவாள். வீட்டிலும் தினமும் பயிற்சி செய்ய வேண்டும். சில வாரங்களில் எல்லோரும் தேறிவிடுவார்கள். கட்டுரைகள் அப்படித்தான் சொல்லின.

பேராசிரியர் பதவிக்கு நேர்காணல் நெருங்கிய சமயம், எங்கள் மகளின் பிறந்தநாளுக்கு அவள் துறைத் தலைவர் வந்திருந்தார். இசை பிறவியிலேயே வர வேண்டும் என்று அடித்துப் பேசும் ஆசாமி. வாழ்த்துப் பாட்டில் நானும் குரல் கொடுத்தேன். மனிதர் கேக்கைக் கீழே வைத்துவிட்டார்.

"மேடம், உங்க சாரை மட்டும் பாட வச்சிடுங்க. நான் உங்க கட்சிக்கு வந்துடறேன்."

மறுநாளே என் தலையில் ஹெட்போன் ஏறியது.

"மேல போங்க... இன்னும் மேல!"

"மேலதானே போறேன்?"

"இல்லங்க, பக்கத்து வீட்டுக்குப் போறீங்க."

மகள் ஹாஸ்டலில் சேரப்போவதாக மிரட்டினாள். நான் விடவில்லை. அந்தப் பதவி என் மனைவிக்குக் கிடைக்க வேண்டும் என்று அவளைவிட எனக்குத்தான் ஆசை. கடையில் கண்ணாடி தேய்க்கும்போதுகூடப் பாடினேன். வாடிக்கையாளர்கள் கண் பரிசோதனையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டார்கள்.

ஒரு மாலை இரண்டு சுரங்களை வாசித்து, எது உயரம் என்று கேட்டாள்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

இடைவெளியைக் கூட்டி மறுபடி வாசித்தாள்.

"இதுவும் ஒண்ணுதான்."

அவள் திட்டவில்லை.

"நீங்க தினமும் ஒழுங்கா பண்ணீங்கதானே?"

"நீதானே பக்கத்துல உக்காந்திருந்தே?"

"அதாங்க பிரச்சினையே" என்றாள்.

அவளுடைய இத்தனை வருட ஆய்வில் பாட்டு வராத மாணவிகளும் இருந்திருக்கிறார்கள். வரவில்லை என்றால் வீட்டில் பயிற்சி செய்திருக்க மாட்டார்கள் என்று இவளே முடிவு கட்டி, 'பாதியில் விட்டவர்' என்று கணக்கிலிருந்து நீக்கியிருக்கிறாள். என்னை அப்படி நீக்க வழியில்லை. நான் அவள் கண்ணெதிரே பயிற்சி செய்து, அவள் கண்ணெதிரே தோற்றவன்.

"வராதவங்கள வெளிய தள்ளிட்டு, எல்லாருக்கும் வரும்னு எழுதியிருக்கேன். எந்த முட்டாளாவது இப்படிப் பண்ணுவாளா?"

கேள்விக்குப் பதில் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டேன்.

"இப்போதைக்கு இதக் கிளப்பாதே" என்று பிறகு சொன்னேன். "நானும் பாதியில விட்டவன்னே எழுதிக்கோ. பதவி கைக்கு வரட்டும்."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். நேர்காணலில் தானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தாள். பதவி வேறொருவருக்குப் போனது. துறைத் தலைவர் அன்று முழுக்கச் சீட்டியடித்துக்கொண்டு திரிந்தாராம். சுதி சுத்தமாக இருந்தது என்று இவள் பாராட்டு வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வாரம், நீக்கப்பட்டவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்துக் கூப்பிட ஆரம்பித்தாள். முதலில் கிடைத்தது ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"நீங்க பயிற்சியே பண்ணலன்னு அன்னைக்குச் சொன்னேன்மா. அது என் தப்பு. சில பேருக்குக் காது அப்படித்தான். நீங்க பண்ணியிருப்பீங்க."

ஸ்பீக்கரில் அந்த ஆசிரியையின் குரல் வந்தது.

"பண்ணினேன் மேடம். தினமும் பண்ணினேன். நீங்க அப்படிச் சொன்னதும், நான்தான் சரியா பண்ணலபோலன்னு நெனச்சுக்கிட்டேன். அன்னையிலேர்ந்து என் கொழந்தைக்குக்கூடப் பாடுறத நிறுத்திட்டேன். இப்ப அவ காலேஜ் படிக்கிறா."